மையநாட்ட விசைப் பரிசோதனை: விடை 11% கூட வருகுது, எங்கை பிழை?

புதுக்குடியிருப்பு_ரீச்சர்

உயர்தரம் முதலாம் வருடப் பிள்ளையளுக்கான வட்ட இயக்கப் பரிசோதனை: சுற்றும் பொருளை மையம் நோக்கி இழுக்கிற விசையை (மையநாட்ட விசை) அளக்கிறது. சாமான்கள் இவ்வளவுதான்: மை முடிந்த பேனையின் வெறும் உறை 12 செ.மீ., அதுக்குள்ளால் கோத்த தங்கூசி (நைலோன் நூல்) ஒன்றரை மீற்றர், ஒரு நுனியில் 20 கிராம் றப்பர் அடைப்பான், மற்ற நுனியில் சரியாக 100 கிராமுக்கு நிறுத்துக் கோத்த வொசர்கள். உறையின் மேல்வாயில் இருந்து அடைப்பானின் நடு வரை நூல் 80 செ.மீ. வரும்படி, உறைக்குக் கொஞ்சம் கீழே நூலில் ஒரு கடதாசிக் கிளிப். கிளிப் ஏறாமல் இறங்காமல் நிற்கிற கதியில் தலைக்கு மேலே சுற்றி, 20 சுற்றுக்கு நேரம் எடுத்தால் 15.2 செக்கன் வருகுது.

ஒரு சுற்றுக்கு 0.76 செக்கன். விசை = 4π² × திணிவு × ஆரை ÷ காலத்தின் வர்க்கம், 4π² எண்டது 39.48. ஆகவே 39.48 × 0.020 × 0.80 ÷ (0.76 × 0.76) = 1.09 நியூற்றன். தொங்கும் வொசர்களின் நிறை 0.98 நியூற்றன்தான். மூன்று குழுவும் தனித்தனியாகச் செய்தும் இதேதான். கூட வந்த 0.11 வெளிநோக்கித் தள்ளுற "மையநீக்க விசை" எண்டு ஒரு பிள்ளை எழுதி வைச்சிருக்கு. அது பிழை எண்டு தெரியும், ஆனால் உண்மையான காரணம் எது எண்டு காட்டாமல் வெட்டி விட மனமில்லை.

இன்னொரு பிள்ளை கேட்டது: "அடைப்பானுக்கு நூல் இருக்கு. செய்மதிக்கு நூல் எங்கை?" ஈர்ப்பு விசை எண்டு சொன்னால், "அப்ப ஏன் விழேல்லை?" எண்டு அடுத்த கேள்வி வருகுது. வகுப்பில் கையால் காட்டக்கூடிய மாதிரி ஏதும் இருந்தால் சொல்லுங்கோ.

குளக்கட்டு

ரீச்சர், பிள்ளையள் எண்ணுற விதத்தை ஒருக்கால் பாருங்கோ. கடிகாரத்தை அமத்தும்போது "ஒண்டு" எண்டு தொடங்கியிருப்பினம். அப்படித் தொடங்கி "இருபது" எண்டதும் நிறுத்தினால் அடைப்பான் சுற்றினது 19 தரம்தான். 15.2ஐ 19ஆல் வகுத்தால் 0.80 செக்கன். திரும்பக் கணக்குப் போட்டால் 0.987 நியூற்றன். காலம் வர்க்கமாக வகுக்கிற இடத்தில் நிற்கிறதால் 5% எண்ணற்பிழை 11% ஆக வீங்குது.

நான் சொல்லுறதை நம்ப வேண்டாம், சோதிச்சுப் பாருங்கோ. எண்ணற்பிழை எண்டால் சுற்றுகளைக் கூட்டக் கூட்ட அது சுருங்க வேணும். அதே பழக்கத்தில் 10 எண்ணினால் விடை 23% அளவில் கூட வரும், 30 எண்ணினால் 7%. வேறு பிழை எண்டால் எத்தனை எண்ணினாலும் அதே 11% தான். பிறகு "பூச்சியம், ஒண்டு, இரண்டு" எண்டு தொடங்கச் சொல்லுங்கோ.

அது போக, கவனிக்க வேண்டிய வேறு சில இருக்கு. கிளிப் உறையின் கீழ்வாயைத் தொடவே கூடாது. ஒன்றரை, இரண்டு செ.மீ. இடைவெளி விடுங்கோ. தொட்டால் உறை நூலைக் கீழே பிடிச்சுக்கொள்ளும், பிறகு எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கிளிப் அசையாது. பிள்ளைக்கு அது "நல்லா நிக்குது" எண்டு தோன்றும், விடையோ எக்கச்சக்கமாக ஏறும். இது பார்த்தவுடன் தெரியாத பிழை.

மற்றது பேனை உறையின் விளிம்பு. வெட்டின பிளாஸ்ரிக் விளிம்பில் தங்கூசி உராய்ஞ்சு பிடிக்கும், நாளடைவில் அறுக்கவும் செய்யும். குளிர்சாதனப் பெட்டி திருத்துற கடையில் 6 மி.மீ. செப்புக் குழாய்த் துண்டு 15 செ.மீ. கேட்டு வாங்கி, அவையிட்டையே இருக்கிற விரிக்கும் கருவியால் ஒரு நுனியை மணிவாய் மாதிரி விரிச்சு எடுத்தால் நூல் வழுக்கிக்கொண்டு ஓடும். கண்ணாடிக் குழாய் பாவிக்கிறதெண்டால் நுனியைச் சுவாலையில் உருக்கி மழுக்கி, கை பிடிக்கிற இடத்தில் துணிப்பட்டி சுற்றாமல் பிள்ளையிட்டைக் குடுக்க வேண்டாம்.

உராய்வு மிச்சம் இருக்கும்தான். அதுக்கு வழி: கதியை மெல்லக் கூட்டி, கிளிப் ஏறத் தொடங்கிற இடத்தில் ஒரு நேரம். மெல்லக் குறைச்சு, இறங்கத் தொடங்கிற இடத்தில் ஒரு நேரம். இரண்டுக்கும் விசையைக் கணிச்சுச் சராசரி எடுங்கோ.

பாலைமரம்

குளக்கட்டு சொன்னது சரி. ஆனால் நூல் கிடையாக நிற்காதே? அடைப்பானின் நிறையைத் தாங்க நூல் சரிய வேணும். அப்ப ஆரை 80 செ.மீ. இல்லை. அதையும் திருத்த வேணும்.

குளக்கட்டு

திருத்தத் தேவையில்லை. இந்தப் பரிசோதனையில் எனக்குப் பிடிச்ச இடமே அதுதான்.

நூல் கிடையில் இருந்து கொஞ்சம் சரிஞ்சு நிற்குது. வட்டத்தின் உண்மையான ஆரை, நூல் நீளத்தின் கிடைக்கூறு. மையத்தை நோக்கி இழுக்கிறதும் இழுவிசையின் கிடைக்கூறு மட்டும்தான். இரண்டு பக்கமும் ஒரே கோசைன் வந்து வெட்டுப்பட்டுப் போகும். மிஞ்சுறது: இழுவிசை = 39.48 × திணிவு × சரிந்த நூலின் முழு நீளம் ÷ காலத்தின் வர்க்கம். அதனால் 80 செ.மீ. போட்டது சரி. ஆரையை மட்டும் "திருத்தி" இழுவிசையைத் திருத்தாமல் விட்டால்தான் பிழை வரும்.

சரிவு எவ்வளவு எண்டால், 20 கிராமை 100 கிராம் தாங்குது, ஐந்தில் ஒன்று, ஆகவே கிடைக்குக் கீழே 11.5 பாகை. அடைப்பானின் உயரத்தில் கண்ணை வைச்சுப் பார்த்தால் அந்தச் சரிவு வடிவாகத் தெரியும். நூல் ஒருபோதும் முழுக் கிடையாக வராது எண்டதுக்கும் அதே படம் காணும்: கிடையான நூல் மேல்நோக்கி எதையும் தூக்காது.

வரைபு போடுறதெண்டால் கிடையச்சில் தொங்கும் திணிவு, நிலைக்குத்து அச்சில் 1 ÷ காலத்தின் வர்க்கம். உங்கடை அளவுகளுக்கு 20 சுற்றுக்கு வர வேண்டிய நேரம்: 50 கிராமுக்கு 22.7 செக்கன், 100க்கு 16.0, 150க்கு 13.1, 200க்கு 11.3. கோடு உற்பத்திக்குள்ளால் (இரண்டு அச்சும் சந்திக்கிற பூச்சியப் புள்ளி) போக வேணும். 200க்கு மேலே ஏற வேண்டாம், அடைப்பான் கழன்று ஆரேன்டை கண்ணில் படும். முடிச்சை அடைப்பானில் துளையிட்டு உள்ளுக்குள்ளால் கோத்து, மறுபக்கம் ஒரு வொசர் வைச்சுப் போடுங்கோ.

புதுக்குடியிருப்பு_ரீச்சர்

10 எண்ணினால் 7.2 செக்கன், விசை 1.22. 30 எண்ணினால் 23.3 செக்கன், விசை 1.05. குளக்கட்டு சொன்னபடியே சுருங்குது! 9ஆலும் 29ஆலும் வகுத்தால் 0.99, 0.98. மூன்று குழுவும் ஒரே மாதிரிப் பிழைவிட்டதன் காரணமும் விளங்கீட்டுது, மூன்றுக்கும் எண்ணினது ஒரே பிள்ளை.

அந்தப் பிள்ளை இப்ப கேட்கிறது வேறை: மையநீக்க விசை எண்டு ஒன்று இல்லையெண்டால், வயலுக்குத் தண்ணி இறைக்கிறதை ஏன் மையநீக்கப் பம்பி எண்டு சொல்லுறாங்கள்?

லான்மாஸ்ரர்

பம்பிக் கேள்வி எனக்கு.

இரண்டு இஞ்சி எஞ்சின் பம்பியைக் கழட்டினால் உள்ளே வளைஞ்ச இலைகளோடை ஒரு சில்லு இருக்கும். விட்டம் 12 செ.மீ., நிமிடத்துக்கு 3600 சுற்று எண்டு வைப்பம். விளிம்பு செக்கனுக்கு 22.6 மீற்றர் ஓடுது. இலை தண்ணியை வெளிநோக்கித் தள்ளுறதில்லை, பக்கவாட்டில் தள்ளுது. வேகம் எடுத்த தண்ணி நேராகப் போகப் பார்க்குது. அதை வட்டத்திலேயே மறிச்சு வைக்க உள்நோக்கின விசை போதாது, அதனால் சில்லின் நடுவை விட்டு விலகி விளிம்புக்குப் போய், சில்லைச் சுற்றி மூடியிருக்கிற ஓட்டுக்குள் விழுது. ஓடு போகப்போக அகலுறதால் அங்கை வேகம் குறைஞ்சு அமுக்கம் ஏறுது. அவ்வளவுதான். பேர் "மையநீக்கம்", வேலை "மையத்துக்கு இழுக்க ஆள் காணாது".

தண்ணி வாத்து எடுக்காமல் பம்பி ஏன் இழுக்காது எண்டதும் இதே கணக்குத்தான். சுழற்சியால் வரும் அமுக்கம் ஏறத்தாழ அடர்த்தியில் பாதி × கதியின் வர்க்கம். உள்ளே தண்ணி இருந்தால் 2,55,000 பஸ்கால், அதாவது 26 மீற்றர் உயரம். உள்ளே காத்து இருந்தால் கன மீற்றருக்கு 1.2 கிலோதான், வாறது 300 பஸ்கால் சொச்சம், அதாவது 3 செ.மீ. தண்ணி. கிணற்றில் மூன்று சென்ரிமீற்றர்! எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் அதே கதைதான். அதனால்தான் ஓட்டுக்கும் உறிஞ்சு குழாய்க்கும் தண்ணி நிரப்பிப் போட்டு ஸ்ராட் பண்ணுறது. நிரப்பியும் இறங்கிப் போனால் உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கிற புட் வால்வில் குப்பை, இல்லையெண்டால் மூட்டில் எங்கேயோ காத்து இழுக்குது. மூட்டுகளில் ஈரக் களியை அப்பிப் பார்த்தால் இடம் பிடிபடும்.

பம்பியைக் கிணற்று மேடையில் வைச்சு 9 மீற்றர் ஆழத்தில் இருந்து எடுக்க முயற்சிக்க வேண்டாம். உறிஞ்சு பக்கம் தூக்கிறது பம்பியில்லை, வளிமண்டலம். கணக்குப்படி 10.3 மீற்றர், நடப்பில் 7க்கு மேலே சிரமம். பம்பியைத் தண்ணிக்குக் கிட்ட இறக்க வேணும். ஆனால் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிட்டால் புகை அடிச்சு ஆள் சாகும், அதை மறக்க வேண்டாம்.

பாலைமரம்

அப்ப மையநீக்க விசை முழுப்பொய் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லலாமோ?

குளக்கட்டு

சொல்ல வேண்டாம், பிறகு பல்கலைக்கழகத்தில் போய்த் திண்டாடுவினம். சில்லோடை சேர்ந்து சுற்றுகிற ஆள் கணக்குப் போட்டால் அவருக்கு அது தேவை. அவருக்கு அடைப்பான் அசையாமல் நிற்குது, உள்நோக்கி இழுவிசை இருக்கு, சமன் செய்ய வெளிநோக்கி ஒன்று எழுதியாக வேணும். நிலத்தில் நின்று பார்க்கிற எங்களுக்கு அது தேவையில்லை. குழப்பம் வாறது இரண்டு ஆளின் கணக்கையும் ஒரே படத்தில் கீறும்போது. இரண்டு அம்பும் ஒன்றையொன்று வெட்டினால் கூட்டு விசை பூச்சியம், பூச்சியமெண்டால் பொருள் நேர்கோட்டில் போக வேணும். வட்டம் எங்கை?

இன்னுமொன்று. மையநாட்ட விசையும் தனி விசை இல்லை. விசை வரிப்படத்தில் "மையநாட்ட விசை" எண்டு ஒரு அம்பு போட விடாதேங்கோ. ஆர் இழுக்கிறது எண்டு கேட்டுப் பேர் எழுதச் சொல்லுங்கோ. அடைப்பானில் நூல், கிறவல் வீதி வளைவில் ரயருக்கும் நிலத்துக்கும் இடையில் உராய்வு, செய்மதியில் புவியீர்ப்பு.

வளைவைச் சொன்னதால் கணக்கையும் போட்டுவிடுறன். 30 மீற்றர் ஆரை வளைவு, காய்ஞ்ச தார், உராய்வுக் குணகம் 0.7 எண்டால் உச்சக் கதி மணிக்கு 51 கி.மீ. அளவில். அதே வளைவு உதிரிக் கிறவலில், குணகம் 0.35 எண்டால் 36. குணகம் பாதியானால் கதி பாதியாகாது, 0.7 மடங்காகும். மோட்டார் சைக்கிளில் பின்னால் ஆள் ஏற்றினாலும் இந்த எல்லை மாறாது, திணிவு இரண்டு பக்கமும் வெட்டுப்படும். வளைவுக்குள் போய் முன் பிறேக்கைப் பிடிச்சால் ஏன் வழுக்குது எண்டால், ரயருக்குக் கிடைக்கிற உராய்வு ஒரு பங்குதான். அதில் பாதியை நிறுத்துறதுக்குக் குடுத்தால் திருப்புறதுக்கு மிச்சம் குறைவு. பிறேக் வளைவுக்கு முதல்.

விசை அறுந்தால் பொருள் எந்தப் பக்கம் போகும் எண்டதுக்கு கவண் நல்ல உதாரணம். வயலில் குருவி கலைக்கிறவை கவண் இலக்கைப் பார்க்கும்போது நுனியை விடுறதில்லை, கால் சுற்று முன்னமே விடுவினம். கல் தொடலி (வட்டத்தைத் தொட்டுப் போகிற நேர்கோடு) வழியே போகுது, ஆரை வழியே இல்லை. செக்கனுக்கு மூன்று சுற்று எண்டால் நூறில் ஒரு செக்கன் பிந்தினாலே திசை 11 பாகை விலகும், 30 மீற்றரில் கிட்டத்தட்ட 6 மீற்றர் தள்ளி விழும். பள்ளிக்கூடத்தில் கல்லோடை செய்து காட்ட வேண்டாம். துணியில் மண் பொட்டலம் கட்டிச் செய்யுங்கோ.

முல்லைக்கடல்

செய்மதி ஏன் விழேல்லை எண்ட கேள்வி மிச்சம் இருக்கு.

விழுது. அதுதான் பதில். நிலத்துக்குக் கிட்ட எந்தப் பொருளும் முதல் செக்கனில் 4.9 மீற்றர் விழும், கிடையாக எறிஞ்சாலும் அதே 4.9. கடற்கரையில் ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில், கடல் மட்டத்தில் இருந்து கண் 4.9 மீற்றர் உயரத்தில் நிற்கிற மாதிரி ஒரு ஆளை நினையுங்கோ. அவருக்குக் கடல் விளிம்பு எவ்வளவு தூரம்? 2 × பூமியின் ஆரை × உயரம், அதன் வர்க்கமூலம்: 7.9 கி.மீ. அதாவது 7.9 கி.மீ. போனால் கடல் 4.9 மீற்றர் கீழே வளைஞ்சு போகுது. ஒரு கல்லைச் செக்கனுக்கு 7.9 கி.மீ. கதியில் கிடையாக எறிஞ்சால், அது 4.9 மீற்றர் விழ நிலமும் 4.9 மீற்றர் விலகிப் போகும். கல் விழுந்துகொண்டே இருக்கும், நிலம் கிட்ட வராது. காற்று இல்லாட்டில் அதுதான் ஒழுக்கு (சுற்றுப்பாதை). முல்லைத்தீவுப் பிள்ளையளுக்கு இது சுலபம். கரைக்கு வாற வள்ளத்தில் முதலில் மேற்பக்கம்தான் தெரியும், உடல் பிறகு.

அந்தக் கதி எவ்வளவு எண்டால், வவுனியாவில் இருந்து ஏ9 வழியே கிளிநொச்சி வர சுமார் பத்து செக்கன்.

"மேலே ஈர்ப்பு இல்லை" எண்டும் பிள்ளையள் எழுதும். 400 கி.மீ. உயரத்தில் சர்வதேச விண்வெளி நிலையம் இருக்கிற இடத்தில் ஈர்ப்பு ஆர்முடுகல் 8.7, நிலத்தில் இருக்கிறதில் ஒன்பதில் எட்டுப் பங்கு. உள்ளே இருக்கிறவை மிதக்கிறது நிலையமும் அவையும் சேர்ந்து விழுறதால்.

நியூற்றன் இதைச் சந்திரனில் சரிபார்த்தார். சந்திரன் பூமியின் மையத்தில் இருந்து 60 பூமி ஆரை தூரம். ஈர்ப்பு தூர வர்க்கத்துக்கு நேர்மாறு எண்டால் அங்கை 9.81 ÷ 3600 = 0.00272 வர வேணும். ஆரை 3,84,400 கி.மீ., காலம் 27.32 நாள் போட்டு வட்ட இயக்க ஆர்முடுகலைத் தனியாகக் கணிச்சுப் பாருங்கோ, அதே 0.00272. ஒரு செக்கனுக்குச் சந்திரன் எங்களை நோக்கி விழுறது 1.4 மில்லிமீற்றர். அடைப்பானுக்குப் போட்ட அதே சூத்திரம்தான், நூலின்டை பேர் மட்டும் மாறுது.

பாலைமரம்

தாழ்வான செய்மதி காற்றில் உரசி வேகம் குறைஞ்சு கீழே விழும் எண்டு படிச்சன். சரிதானே?

முல்லைக்கடல்

பாதி சரி. கீழே வரும், ஆனால் வேகம் கூடும். 400 கி.மீ. இல் செக்கனுக்கு 7.67 கி.மீ., 300இல் 7.73. காற்று பின்னுக்கு இழுக்குதுதான், ஆனால் இறங்கும்போது ஈர்ப்பு குடுக்கிறது அதைவிடக் கூட. இழந்த மொத்தச் சக்தியின் அளவுக்கு இயக்கச் சக்தி ஏறும், நிலைச்சக்தி அதுபோல இரண்டு மடங்கு இறங்கும். இலங்கையின் முதல் செய்மதி இராவணா-1 சரியாக இந்த உயரத்தில்தான் விடப்பட்டது: ஒரு கிலோ சொச்சம், 2019 ஜூனில் விண்வெளி நிலையத்தில் இருந்து. அந்த உயரத்தில் இயந்திரமில்லாத சின்னப் பெட்டி ஒருசில வருடத்துக்கு மேலே நிற்காது.

டிஷ் அன்ரனாவையும் காட்டுங்கோ ரீச்சர், ஊர் முழுக்க இருக்கு. அது பார்க்கிற செய்மதி ஒரே இடத்தில் நிற்கிற மாதிரித் தெரிய, பூமி தன்னைத்தானே ஒருக்கால் சுற்றுற நேரத்தில் அதுவும் ஒரு சுற்று முடிக்க வேணும். காலம் 23 மணி 56 நிமிடம் எண்டு போட்டு ஆரையைக் கணிச்சால் 42,164 கி.மீ. வரும், நிலத்தில் இருந்து 35,786. இந்த உயரத்தில் நிற்கிற செய்மதி தொடர்பாடலுக்கு உதவும் எண்டு 1945இல் எழுதிக் காட்டின ஆர்தர் சி. கிளார்க் பிறகு கொழும்பில்தான் குடியிருந்தார்.

பிள்ளையளிட்டைக் கேளுங்கோ: வன்னிக்கு நேர் மேலே ஒரு செய்மதியை அசையாமல் நிறுத்தினால் என்ன? ஏலாது. ஈர்ப்பு இழுக்கிறது பூமியின் மையத்தை நோக்கி, ஆகவே ஒழுக்கின் தளம் மையத்துக்குள்ளால் போக வேணும். அசையாமல் நிற்க ஒரே இடம் மத்திய கோட்டுக்கு மேலேதான். கிளிநொச்சி 9.4 பாகை வடக்கில். 83 பாகை கிழக்கில் நிற்கிற இந்தியச் செய்மதி ஜிசாட்-30ஐப் பிடிக்க, தெற்கில் இருந்து கொஞ்சம் கிழக்கே திரும்பி, கிடையில் இருந்து 78 பாகை நிமிர்த்திப் பார்க்க வேணும், கிட்டத்தட்ட உச்சி. சட்டி அவ்வளவு நிமிர்ந்து தெரியாது, ஏனெண்டால் அலை வாங்கிற தலை நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் தள்ளி இருக்கு.

புதுக்குடியிருப்பு_ரீச்சர்

நன்றி. வாளியில் தண்ணி சுற்றிக் காட்டுறதுக்கும் அளவு ஒன்று சொல்லுங்கோ, நனையாமல்.

குளக்கட்டு

ஆரையைத் தோளில் இருந்து தண்ணியின் மேற்பரப்பு வரை அளக்க வேணும், வாளியின் அடி வரை இல்லை. முதலில் ஊத்துறது மேற்பரப்புத் தண்ணி. 90 செ.மீ. எண்டால் ஒரு சுற்று 1.9 செக்கனுக்குள் முடிய வேணும். ஒன்றரைக்குள் சுற்றச் சொல்லுங்கோ. மேலே போகும்போது பிள்ளை பயத்தில் கையைத் தயங்க விடும், சராசரி சரியாக இருந்தும் உச்சியில் கதி குறைஞ்சு நனையிறது அதனால்தான். நிறுத்தும்போது, வாளி கீழ்ப்பக்கம் வாற நேரம் பிள்ளை அதோடை முன்னுக்கு ஓடி நிறுத்தட்டும்.

முல்லைக்கடல்

டிஷ்ஷுக்கு ஒரு சோதனை. வருடத்தில் இரண்டு தரம் சூரியன் சரியாகச் செய்மதிக்குப் பின்னால் வரும், சில நிமிடம் படம் புள்ளி விழுந்து போகும். 83 பாகைச் செய்மதிக்கு எங்கடை பக்கத்தில் அது மார்ச் 16ஐ ஒட்டி பகல் 12.05 அளவில், செப்டெம்பர் 27ஐ ஒட்டி 11.47 அளவில். அந்த நேரம் சட்டியில் அலை வாங்கிற தலையின் நிழல் எங்கை விழுது எண்டு ஒரு பிள்ளையை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கோ, ஏணியை இன்னொரு பிள்ளை பிடிக்கட்டும்.